ஆட்டத்தின் நடுவில் பிடுங்காதீர்கள்

"போனைப் பிடுங்கினா அடிக்க வர்றான் டீச்சர்" என்றார் அந்த அம்மா. திண்டுக்கல்லில் என் மாலை டியூஷனுக்கு வரும் ஏழாம் வகுப்புப் பையனைப் பற்றித்தான் பேச்சு. டிவி ரிமோட்டைச் சுவரில் அடித்து உடைத்திருக்கிறான். துப்பாக்கி விளையாட்டு ஆடி ஆடி பிள்ளை முரடனாகிவிட்டான் என்பது அவர் முடிவு.

அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் சொன்னது வேறு. இந்த விளையாட்டுகளால்தான் பெரிய வன்முறை வருகிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை. கத்துவது, தள்ளுவது மாதிரியான மூர்க்கத்தோடு மட்டும் சிறிய தொடர்பு தெரிகிறது. எனக்கென்னவோ சுடுவதைவிட, போனைப் பிடுங்கும் நேரம்தான் உறுத்துகிறது.

அவன் ஆடுவது ஃப்ரீ ஃபயர் மேக்ஸ். (ஃப்ரீ ஃபயரை 2022இல் தடை செய்தார்கள், மேக்ஸ் இன்னும் ஓடுகிறது.) ஓர் ஆட்டத்தில் 50 பேர் வரை இறங்குவார்கள். ஆடும் இடத்தைச் சுற்றியுள்ள வளையம் சுருங்கச் சுருங்க ஆட்கள் குறைவார்கள். நடுவில் நிறுத்திவைக்க வழியே கிடையாது. கூட ஆடும் மூன்று பேரும் அவன் வகுப்புப் பையன்கள். பாதியில் போனால் அவர்கள் மாட்டிக்கொள்வார்கள், மறுநாள் இவனுக்கு ஏச்சு. கடைசி ஐந்தாறு பேர் மிஞ்சியிருக்கும்போது "சோறு ஆறுது, குடுடா" என்று கை நீண்டால் அவன் வெடிக்கத்தான் செய்வான்.

அதோடு தூக்கம். போர்வைக்குள் நள்ளிரவு தாண்டி ஆடிவிட்டு, சிவந்த கண்ணோடு வந்து உட்கார்ந்தவனிடம் பின்னக் கணக்கு கேட்டாலே நோட்டை விசிறுவான்.

அம்மாவிடம் ரெண்டே விஷயம் சொன்னேன். ராத்திரி போன் உங்கள் தலைமாட்டில் இருக்கட்டும். மற்ற நேரத்தில் பிடுங்காமல், "இன்னும் எத்தனை பேர் உயிரோட இருக்காங்க தம்பி?" என்று கேளுங்கள், அந்த ஆட்டம் முடிந்ததும் வாங்குங்கள். முதலில் முரண்டு பிடித்தான். இப்போது முணுமுணுத்துக்கொண்டே கொடுத்துவிடுகிறானாம்.

எல்லாப் பிள்ளைக்கும் இது போதாது. கட்டுப்பாடே இல்லாமல், சாப்பாடு, படிப்பு, நட்பு எல்லாம் பின்னுக்குப் போய், கெடுதல் தெரிந்தும் ஏறக்குறைய ஒரு வருடமாக ஆட்டம் தொடர்ந்தால் அதை ஒரு நோயாகவே உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்தியிருக்கிறது. அந்தப் பிள்ளையை அடிக்காதீர்கள், மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். அக்கம்பக்கம் என்ன சொல்லுமோ என்று தயங்கினால், முதலில் 14416க்குப் போன் போடுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் அது. கட்டணம் கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.