காதா, கண்ணா, கையா: சீனப் பள்ளியில் ஆங்கில மாதிரித் தேர்வை நடத்தி முடிப்பது எப்படி

சீனாவில் மேல்நிலைப் பள்ளி மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு மாதிரித் தேர்வு வைப்பது என்றால் வினாத்தாளைக் கொடுத்து மணியடிப்பதோடு வேலை முடியாது. 80 வாங்கியவனும் 110 வாங்கியவனும் மதிப்பெண்ணை எங்கே விட்டார்கள் என்று சில நாட்களுக்குள் சொல்லத் தெரிய வேண்டும். காதில் விழவே இல்லையா, விழுந்தும் கேள்வியைத் தவறாகப் படித்தானா, சரியாகக் கண்டுபிடித்துவிட்டு விடைத்தாளில் கட்டத்தை மாற்றிக் கறுப்பாக்கினானா? இந்த மூன்றுக்கும் மருந்து வெவ்வேறு. மூன்றையும் பிரித்துக் காட்டாத மாதிரித் தேர்வால் பிள்ளைகளின் ஒரு பிற்பகல் வீணாவதுதான் மிச்சம்.

முதலில் உண்மைத் தேர்வின் அளவுகள். காவ்காவ் எனப்படும் கல்லூரி நுழைவுத் தேர்வில் அந்நிய மொழித் தாள் ஜூன் 8 பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கி 5 மணிக்கு முடியும். மொத்தம் 150 மதிப்பெண். இப்போது பெரும்பாலான மாகாணங்கள் பின்பற்றும் புதிய தேசிய வினாத்தாள் அமைப்பில் கேட்டல் 20 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1.5 வீதம் 30 மதிப்பெண். வாசிப்பும் 20 கேள்விதான். ஆனால் ஒன்றுக்கு 2.5 வீதம் 50. மிச்சம் 70 மதிப்பெண் கோடிட்ட இடம், இலக்கணம், எழுத்து மூன்றுக்கும் போகிறது. கேட்டலில் தெரிவுகள் மூன்று, வாசிப்பில் நான்கு. பிற்பாடு கணக்குப் போடும்போது இந்த வித்தியாசம் தேவைப்படும்.

கேட்டல் பகுதி சுமார் 20 நிமிடம். முதல் பிரிவில் ஐந்து குட்டி உரையாடல்கள். ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறைதான் ஒலிக்கும். கேட்டு முடித்ததும் விடையைக் குறிக்கவும் அடுத்த கேள்வியைப் படிக்கவும் சேர்த்து 10 விநாடி. இரண்டாம் பிரிவில் ஐந்து நீளமான உரையாடல்கள் அல்லது தனியுரைகள், 15 கேள்விகள். இவை இரண்டு முறை ஒலிக்கும். கேட்பதற்கு முன் கேள்விக்கு 5 விநாடி படிக்க, கேட்ட பின் கேள்விக்கு 5 விநாடி குறிக்க. எல்லாம் முடிந்ததும் வினாத்தாளில் குறித்ததை விடைத்தாளுக்கு மாற்ற 2 நிமிடம் தருவார்கள்.

மாதிரித் தேர்வின் உயிர் இந்த மௌன விநாடிகளில்தான் இருக்கிறது. பள்ளியில் தயாரித்த ஒலிப்பதிவுகளில் முதலில் கெடுவதும் இவைதான். ஒலியைச் சுத்தம் செய்யும் மென்பொருள் பலவற்றில் மௌனத்தைக் குறைக்கும் வசதி உண்டு. அது தெரியாமல் இயங்கிவிட்டால் 10 விநாடி இடைவெளி 2 விநாடியாகச் சுருங்கிவிடும். மாணவர்கள் திணறுவார்கள், நாம் 'ஆங்கிலம் போதவில்லை' என்று எழுதி வைப்போம். அதனால் கோப்பைத் தயாரித்த பிறகு நிறுத்துகடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தடவை முழுதாகக் கேட்டே ஆகவேண்டும். வேகத்தையும் அப்படித்தான் சரிபார்க்க வேண்டும்: முந்தைய ஆண்டின் உண்மை ஒலிப்பதிவில் 60 விநாடிக்கு எத்தனை சொல் என்று எண்ணி, நம் பதிவையும் எண்ணி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வகுப்பறையில் பழகிய ஆசிரியர் படித்தால், பிள்ளைகளுக்குப் புரிய வேண்டுமே என்ற அக்கறையில் வேகம் தானாகவே குறைந்துவிடும்.

ஒலிப்பதிவின் தொடக்கத்தில் வரும் அறிவிப்பை நேரம் மிச்சம் பிடிப்பதாக நினைத்து வெட்டிவிடக் கூடாது. அதில் ஒரு எடுத்துக்காட்டுக் கேள்வி வரும், தேசியத் தாளிலும் அது அப்படியே இருக்கிறது: சட்டை என்ன விலை? ஏ, 19 பவுண்ட் 15 பென்ஸ். பி, 9 பவுண்ட் 18 பென்ஸ். சி, 9 பவுண்ட் 15 பென்ஸ். விடை சி. சீனாவில் இந்தத் தேர்வை எழுதிய யாரைக் கேட்டாலும் சட்டையின் விலையை மனப்பாடமாகச் சொல்வார்கள். நன்றாகப் பழகிய மாணவன் சட்டை விலை ஓடும் நேரத்தில் அதைக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டான். முதல் ஐந்து கேள்விகளையும் பதினைந்து தெரிவுகளையும் கண்ணால் ஓட்டி முடித்திருப்பான். அறிவிப்பை வெட்டினால் அந்தப் பழக்கத்தையே வெட்டியது போல ஆகும்.

அறை ஏற்பாட்டில் கவனிக்க வேண்டியவை நிறைய. பள்ளியின் மைய ஒலிபரப்பு வழியே எல்லா வகுப்புக்கும் ஒரே நேரத்தில் ஒலிக்க விடுவதுதான் நல்லது. அன்று தானியங்கி மணியை நிறுத்திவைக்க வேண்டும். சீனப் பள்ளிகளில் கண் பயிற்சிக்கு என்று தினமும் குறித்த நேரத்தில் இசை ஒலிக்கும். அதுவும் அதே ஒலிபெருக்கியில்தான். அந்த அட்டவணையை அணைக்க மறந்தால் எட்டாவது உரையாடலின் நடுவே கண் பயிற்சி இசை வந்து நிற்கும். தேர்வு அறைக்கு 30 பேர். ஒலியைச் சோதிக்கும்போது முன்வரிசையில் நின்று தலையாட்டாமல் கடைசி வரிசை மூலை இருக்கையில் உட்கார்ந்து கேளுங்கள். மின்விசிறி அதிக வேகத்தில் சுழன்றால் எஸ், எஃப் ஒலிகள் கரைந்துவிடும். ப்ளூடூத் ஸ்பீக்கர் வேண்டாம்: நீண்ட மௌனத்துக்குப் பிறகு விழித்துக்கொள்ளும்போது சில ஸ்பீக்கர்கள் முதல் அரை விநாடியை விழுங்கிவிடும். ஒருமுறை மட்டுமே ஒலிக்கும் பிரிவில் அந்த அரை விநாடியில் போவது பேச்சின் முதல் சொல். ஒவ்வொரு தளத்திலும் ஒரு மாற்றுக் கருவியில் அதே கோப்பை ஏற்றி வைத்திருங்கள்.

நேரக் கட்டுப்பாட்டையும் அப்படியே பின்பற்றுங்கள். மற்ற பாடங்களில் தேர்வு தொடங்கி 15 நிமிடம் வரை தாமதமாக வந்தவரை விடுவார்கள். அந்நிய மொழித் தாளுக்கு நேர்மாறு; தொடங்குவதற்கு 15 நிமிடம் முன்பே, அதாவது 2.45 மணிக்கே, கதவு சாத்தப்படும். கேட்டல் ஒலிக்கும்போது யாரும் உள்ளே வந்து நாற்காலியை இழுக்கக் கூடாது என்பதற்காகத்தான் இது. மாதிரித் தேர்வில் 'பரவாயில்லை, உள்ளே வா' என்று இரக்கம் காட்டுவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் உதவியாகாது.

அடுத்து கேள்விகளைத் தயாரிப்பது. கேட்டலில் தவறான தெரிவு ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட தவறைப் பிடிக்கும் வலையாக இருக்க வேண்டும். ஒருவர் 9.15 மணி ரயிலுக்குப் போவதாகச் சொல்கிறார்; மற்றவர் அது 20 நிமிடம் தாமதம் என்கிறார். ரயில் எப்போது புறப்படும் என்பது கேள்வி. தெரிவுகள் 8.55, 9.15, 9.35. காதில் விழுந்த எண்ணை அப்படியே குறித்தவன் 9.15 என்பான். தாமதம் என்ற சொல்லைப் பிடிக்காமல் 20-ஐக் கழித்தவன் 8.55 என்பான். எத்தனை பேர் எதில் விழுந்தார்கள் என்று பார்த்தாலே வகுப்பின் நோய் தெரிந்துவிடும். இந்த இடத்தில் 10.40 என்று சம்பந்தமில்லாத எண்ணைப் போட்டால் அதை யாரும் குறிக்க மாட்டார்கள். பெயருக்கு மூன்று தெரிவு, உண்மையில் இரண்டுதான்.

வாசிப்பின் 20 கேள்விகளில் 15 நான்கு பத்திகளிலிருந்து வரும், வழக்கமாக 3, 4, 4, 4 என்ற பங்கீடு. முதலாவது சுற்றுலாத் தகவல் அல்லது அறிவிப்பு வகை, இரண்டாவது பெரும்பாலும் ஒரு நிகழ்ச்சி விவரிப்பு, பின்னிரண்டும் விளக்கக் கட்டுரைகள். பாடத்திட்டச் சொல் பட்டியல் ஏறக்குறைய 3000 சொற்கள். பட்டியலுக்கு வெளியே உள்ள, ஊகிக்கவும் முடியாத சொல்லுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சீனப் பொருள் தருவது வழக்கம். சொற்பொருளை ஊகிக்கச் சொல்லும் கேள்வி எந்தச் சொல்லைப் பற்றியதோ, அவசரத்தில் அதற்கே பொருள் எழுதிவிடுவது அடிக்கடி நேரும் பிழை. அச்சுக்குப் போகும் முன் அந்த ஒரு கேள்வியை மட்டும் இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி கசிகிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. வேறொரு வகுப்பில் 30 பேருக்குப் பத்தியைக் கொடுக்காமல் கேள்விகளை மட்டும் கொடுங்கள். நான்கு தெரிவு என்றால் குருட்டாம்போக்கில் ஏழெட்டுப் பேர் சரியாகக் குறிப்பார்கள். 15 பேர் சரி என்றால் அந்தக் கேள்வி பொது அறிவைத்தான் சோதிக்கிறது. கேட்டலுக்கு மூன்று தெரிவு என்பதால் 10 பேர் வரை இயல்பு. சரியான விடை மட்டும் நீளமாக இருப்பதுதான் கசிவுக்கு வழக்கமான காரணம்.

ஏழு வாக்கியங்களில் ஐந்தைத் தேர்ந்து இடைவெளி நிரப்பும் பகுதியைத் தனியாகப் பார்க்க வேண்டும். 36 முதல் 40 வரையிலான இந்தக் கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. ஒரு வாக்கியத்தைத் தவறான இடத்தில் வைத்துவிட்டால் அதன் சொந்த இடமும் போய்விடும், 2.5 இழப்பு 5 ஆகிறது. ஐந்தில் மூன்று சரியாகப் போட்டவனிடம் இரண்டு குறை இருப்பதாக நினைத்துவிடாதீர்கள். அந்த இரண்டும் இடம் மாறியவையா என்று பாருங்கள். மாறியிருந்தால் குறை ஒன்றே. அது பெரும்பாலும் சுட்டுச்சொல்லில் இருக்கும். இடைவெளிக்கு அடுத்த வாக்கியம் 'இவை இரண்டும்' என்று தொடங்கினால் இடைவெளிக்குள் இரண்டு பொருள்கள் இருந்தாக வேண்டும். தலைப்போடு ஒத்துப்போகிறதே என்று ஒரே பொருளைப் பேசும் வாக்கியத்தை வைப்பவன், அடுத்த வரியைப் படிக்காமலே முடிவெடுத்திருக்கிறான்.

விடைத்தாள் விஷயம் சின்னதாகத் தோன்றும். 2 நிமிடத்தில் 20 கட்டம் என்றால் ஒன்றுக்கு 6 விநாடி. 2பி பென்சிலின் கூர்முனையால் ஒரு கட்டத்தை நிரப்பப் பல கோடு இழுக்க வேண்டும். முனையை முன்கூட்டியே காகிதத்தில் தேய்த்துத் தட்டையாக்கினால் இரண்டு கோட்டில் முடியும். ஒன்றை விட்டுவிட்டு அடுத்ததை அந்த வரிசையில் நிரப்பினால் அங்கிருந்து எல்லாம் நகரும். 5, 10, 15, 20 ஆகிய எண்களில் நின்று வினாத்தாளோடு ஒப்பிடப் பழக்குங்கள். மாதிரித் தேர்வு முடிந்ததும் விடைத்தாளோடு வினாத்தாளையும் வாங்கி வையுங்கள். இரண்டிலும் விடை வேறாக இருந்தால் அது கையின் பிழை. ஆங்கிலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

திருத்திய பிறகு கேள்விவாரியாகக் கணக்கு. 100 மாணவர் எழுதினால் மொத்த மதிப்பெண்ணில் மேலே உள்ள 27 பேரையும் கீழே உள்ள 27 பேரையும் எடுங்கள். ஒரு கேள்விக்கு மேல் குழுவில் 22 பேரும் கீழ்க் குழுவில் 9 பேரும் சரி என்றால், 13-ஐ 27 ஆல் வகுக்க 0.48 வரும், நல்ல கேள்வி. மேலே 22, கீழே 20 என்றால் 0.07. அந்தக் கேள்வி யாரையும் யாரிடமிருந்தும் பிரிக்கவில்லை. கழித்தல் குறியில் வந்தால் விடைக்குறிப்பே தவறா என்று முதலில் பாருங்கள்.

காதையும் கண்ணையும் பிரிக்க இன்னொரு படி இருக்கிறது. விடைகளைச் சொல்லாமல், மூன்று நாள் கழித்து, அதே கேட்டல் உரையாடல்களை எழுத்து வடிவில் கொடுத்து அதே கேள்விகளுக்கு விடை எழுதச் சொல்லுங்கள். கேட்டபோது தவறு, படித்தபோது சரி என்றால் குறை காதில். இரண்டிலும் தவறு என்றால் சொல்லே தெரியவில்லை, அல்லது கேள்வி புரியவில்லை. பின்னவனுக்கு எத்தனை ஒலிப்பதிவு போட்டுக் கேட்கவைத்தாலும் பலன் இருக்காது. அவனுக்குச் சொற்களும் வாசிப்பும்தான் வேண்டும்.

காதில் குறை உள்ளவர்களுக்குத் தவறவிட்ட இடத்தை மட்டும் 6 அல்லது 8 விநாடித் துண்டாக வெட்டி, கேட்டதை எழுதச் சொல்வது நன்றாக வேலை செய்கிறது. மாண்டரின் அசைகள் உயிரிலோ ன், ங் ஒலிகளிலோதான் முடியும்; சில சொற்களில் ர் ஒலியும் சேரும். அதனால் ஆங்கிலச் சொல்லின் இறுதியில் வரும் ட், க், ப் ஒலிகளை அந்தக் காது எளிதில் விட்டுவிடுகிறது. நாம் 'பஸ்' என்பதை 'பஸ்ஸு' ஆக்கிக் கடைசி மெய்க்கு ஓர் உயிரைத் துணைக்குச் சேர்ப்பதும் இதே போன்ற சிக்கலுக்கு நம் நாக்கு கண்ட வழிதான். அமெரிக்க உச்சரிப்பில் 'கேன்ட்' (can't) என்பதன் ட் விழுங்கப்படும்போது 'முடியாது' என்பது 'முடியும்' என்று கேட்கிறது. எழுதிய தாளைப் பார்த்தால் எந்த ஒலி விழுந்தது என்பது கண்ணுக்கு முன்னால் இருக்கும்.

நீண்ட உரையாடல்களில் இன்னொரு வகை இழப்பு நேர்கிறது. 12-ஆம் கேள்வியைத் தவறவிட்டவன் அதையே நினைத்துக்கொண்டு 13-ஐயும் விட்டுவிடுவான். இரண்டாம் முறை ஒலிக்கும் என்பதை நம்பி, ஒரு புள்ளி வைத்துவிட்டு உடனே அடுத்ததற்குப் போகச் சொல்லுங்கள். கேள்விகள் பெரும்பாலும் பேச்சின் வரிசையிலேயே வருவதால் நகர்வது சுலபம்.

மாகாணத்துக்கு மாகாணம் முறை மாறும். பெய்ஜிங்கில் 2021 முதல் கேட்டலும் பேச்சும் கணினியில், 50 மதிப்பெண். இரண்டு வாய்ப்பு, கூடுதல் மதிப்பெண் எதுவோ அதுவே கணக்கு. குவாங்டாங்கில் கணினி வழிக் கேட்டல்-பேச்சுத் தேர்வுக்கு 20: பார்த்து அதேபோல் படிப்பது, மூன்று கேள்வி கேட்டு ஐந்துக்குப் பதில் சொல்வது, கதையைத் திருப்பிச் சொல்வது. அங்கே மாதிரித் தேர்வில் மைக் வாய்க்கு நேரே இருந்தால் மூச்சுக் காற்று பதிவாகிச் சொல்லை மூடும். மோவாய்ப் பக்கம் சற்றுத் தாழ்த்தி வைக்க வேண்டும். பீப் ஒலிக்கு முன்பே பேசத் தொடங்குபவனின் முதல் சொல் பதிவாகாது.

கடைசி இரண்டு வாரத்தில் புதிய கேள்விகள் எதுவும் வேண்டாம். ஏற்கனவே எழுதிய தாள்களின் ஒலிப்பதிவைத் தினமும் சரியாகப் பிற்பகல் 3 மணிக்கு, சட்டை விலையிலிருந்து தொடங்கி, முழு 20 நிமிடமும் ஒலிக்க விடுங்கள். மதிய உணவு முடிந்து கண் சொருகும் நேரம் அது. ஜூன் 8 அன்றும் அந்த நேரத்தில்தான் ஒலிக்கப் போகிறது.