உப்பளத்து வெயிலில் ஷட்டர் ஸ்பீடு

தூத்துக்குடி உப்பளங்களில் எடுத்த படங்களைப் பாருங்கள். பலவற்றில் உப்பு சாம்பல் பூத்தாற்போல் இருக்கும். உப்பு வாருகிறவர்களின் முகம் அடையாளம் தெரியாமல் இருண்டிருக்கும். உச்சி வெயிலில் படம் வெளுத்துப்போகும் என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். ஆனால் இங்கே நடப்பது நேர்மாறு.

தப்பு மீட்டரிடம் இருக்கிறது. கேமராவுக்குள் இருந்து ஒளியை அளக்கும் மீட்டர், எதிரே இருப்பது எதுவானாலும் விழுகிற ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் நடுத்தரச் சாம்பல் என்றே கணக்குப் போடும். உப்பு அம்பாரம் அதைப்போல் நான்கைந்து மடங்கு ஒளியைத் திருப்புகிறது. ஒளி மிதமிஞ்சி வருகிறது என்று நினைத்து, ஷட்டர் திறந்திருக்க 1/400 நொடி சரியாக இருக்கும் இடத்தில் மீட்டர் 1/1600-க்கு ஏற்றிவிடும். இரண்டு ஸ்டாப் குறைவு (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது அல்லது இரட்டிப்பாவது). உப்பு சாம்பலாகும், ஏற்கெனவே நிழலில் இருக்கும் முகம் கறுத்தே போகும். அதே ஆள் அம்பாரத்தை விட்டு நகர்ந்து கருமண் வரப்பில் நின்றால், மீட்டர் எதிர்ப்பக்கம் போய்ச் சட்டையை வெளுக்க வைக்கும்.

இரண்டு இடத்திலும் விழுகிற வெயில் ஒன்றுதான். மேகம் இல்லாத நாளில் காலை ஒன்பதரையிலிருந்து மாலை மூன்று மணிவரை அது பெரிதாக மாறுவதில்லை. அதனால் வெயிலில் அளவுகளை நாமே வைக்கும் மேனுவல் மோடுதான் சரி என்பது என் உறுதியான கருத்து. மாறாத ஒளிக்கு ஒவ்வொரு படத்துக்கும் புதுக்கணக்கு எதற்கு?

தொடக்கப்புள்ளி ஃபிலிம் காலத்திலிருந்தே வரும் பழைய விதி: நிழல் கூர்மையாக விழும் வெயிலில் அப்பெர்ச்சர், அதாவது லென்ஸின் துளை, எஃப்/16; ஷட்டர் ஸ்பீடு, ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. எண்ணின் தலைகீழ். ஐ.எஸ்.ஓ. 100 என்றால் 1/100. ஆனால் எஃப்/16-இலேயே எடுக்க வேண்டாம். அவ்வளவு சிறிய துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவது (டிஃப்ராக்‌ஷன்) கூர்மையைத் தின்றுவிடும்; 1/100-இல் நடக்கிற ஆளின் கால் கலங்கும். துளையை ஒரு ஸ்டாப் திறக்கும்போதெல்லாம் ஷட்டரை இரட்டிப்பாக்குங்கள்: எஃப்/11-க்கு 1/200, எஃப்/8-க்கு 1/400, எஃப்/5.6-க்கு 1/800, எஃப்/4-க்கு 1/1600. எல்லாம் ஒரே எக்ஸ்போஷர்தான், அதாவது உள்ளே சேரும் ஒளி ஒன்றுதான். இதில் எதை எடுப்பது என்பதை அசைவு சொல்லும். கூடை சுமந்து நடப்பவருக்கு 1/400 தாராளம். பலகையால் உப்பை இழுக்கும் கைக்கு 1/800. தெறிக்கும் உப்புநீரைத் துளித்துளியாக நிறுத்த 1/1600-க்குக் குறையக் கூடாது.

உப்பு ஃபிரேமை நிறைத்தால் இந்தக் கணக்கிலிருந்து மூன்றில் ஒன்று அல்லது மூன்றில் இரண்டு ஸ்டாப் குறையுங்கள். எஃப்/8-இல் 1/500 அல்லது 1/640. மீட்டர் சொல்கிற இரண்டு ஸ்டாப் அல்ல, இவ்வளவுதான். வெள்ளையின் நுணுக்கத்தைக் காக்க இது போதும். முகத்துக்கும் பெரிய சேதம் இல்லை. நண்பகலில் தலைத்துண்டுக்குக் கீழே கண்குழியில் விழும் நிழலை, தரையில் பரவிய உப்பே கீழிருந்து ஒளியைத் திருப்பி நிரப்பிவிடுகிறது. மற்ற இடங்களின் நண்பகல் வெயிலில் முகத்துக்கு இந்த வசதி பெரும்பாலும் கிடைக்காது. ஆளை வரப்பில் நிறுத்தாமல் பாத்திக்குள் உப்போடு சேர்த்து எடுங்கள் என்பது இதனால்தான்.

சரிபார்க்கப் பின்திரையின் பிரகாசத்தை நம்பாதீர்கள். வெயிலில் எல்லாப் படமும் இருட்டாகத்தான் தெரியும். அதைப் பார்த்து எக்ஸ்போஷரை ஏற்றினால் உப்பு போய்விடும். இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் வெள்ளை என்று படத்தின் ஒளியளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். உப்பின் மேடு வலது விளிம்புக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், சுவரில் ஏறக் கூடாது. வெளுத்த இடம் மினுக்கும் எச்சரிக்கையையும் போட்டு வையுங்கள். படிகங்களின் நுனியில் புள்ளிபுள்ளியாக மினுக்கினால் கவலையில்லை, அது சூரியனின் நேரடிப் பிரதிபலிப்பு. அம்பாரத்தின் ஒரு பக்கம் முழுக்க மினுக்கினால் ஷட்டரை மூன்றில் ஒரு ஸ்டாப் ஏற்றுங்கள். சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில் கொஞ்சம் மீட்கலாம். ஜேபெக்கில் போனது போனதுதான்.

பின்னணியை மங்கலாக்க எஃப்/1.8-இல் எடுக்கிறவர்களுக்கு வேறு சிக்கல். மேலே சொன்ன கணக்குப்படி 1/8000 வேண்டும். பல கேமராக்களின் மெக்கானிக்கல் ஷட்டர் 1/4000-இல் நின்றுவிடும். துளையை நாம் வைக்க ஷட்டரை கேமரா வைக்கும் அப்பெர்ச்சர் பிரயாரிட்டியில் எண் மினுக்கினாலோ, நிகானில் ‘ஹை’ என்று வந்தாலோ அர்த்தம் இதுதான். நீட்டிப்பாகத் தரப்படும் ஐ.எஸ்.ஓ. 50-க்குப் போவது தீர்வல்ல. சென்சார் அதே உணர்திறனில்தான் ஒளியை வாங்குகிறது, பிறகு படத்தை இருட்டாக்குகிறது. வெள்ளைக்கு இருந்த இடத்தில் ஒரு ஸ்டாப் பறிபோகும். 1/4000-ஐத் தாண்டும் எலெக்ட்ரானிக் ஷட்டர் அசையாத பொருளுக்குச் சரி. ஓடும் லாரியைச் சாய்த்துக் காட்டும். நல்ல வழி, லென்ஸுக்கு முன் மாட்டி ஒளியைக் குறைக்கும் என்.டி. 8 ஃபில்டர். மூன்று ஸ்டாப் குறைத்து 1/1000-க்குக் கொண்டுவந்துவிடும். மோட்டார் பம்பிலிருந்து கொட்டும் உப்புநீரைப் பட்டுப்போல் இழைய விட வேண்டுமானால் என்.டி. 32 போட்டு எஃப்/8-இல் 1/13, கூடவே டிரைபாட். திருகிக் கூட்டிக் குறைக்கும் வகை ஃபில்டரை வைட் லென்ஸில் கடைசிவரை திருகாதீர்கள், வானத்தில் பெருக்கல் குறிபோல் இருள் விழும்.

ஷட்டரால் தீர்க்க முடியாத ஒன்றும் உண்டு. வெயில் ஏறியதும் பாத்திகளுக்கு மேல் காற்று அலையாடத் தொடங்கும். 300 மி.மீ. லென்ஸில் தூரத்து ஆளை எடுத்தால் 1/4000 வைத்தாலும் விளிம்பு குழைந்துதான் வரும். ஃபோகஸ் கோளாறு என்று லென்ஸை சர்வீஸுக்குக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் அந்த டெலி லென்ஸைப் பைக்குள் வைத்துவிட்டு, 35 மி.மீ. லென்ஸோடு கிட்டே போங்கள். லென்ஸ் மாற்றும் வேலையை வண்டிக்குள் உட்கார்ந்து செய்யுங்கள். அங்கே வீசும் உப்புக்காற்று சென்சாருக்கு ஆகாது.