பெயருள்ள காற்று: கால்வே நாட்குறிப்பு

ஜனவரி 21, 2025 – செவ்வாய்

அயர்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கும் எங்கள் கால்வேக்கு வெள்ளிக்கிழமை வரப்போகும் புயலுக்கு இன்றே பெயர் வைத்துவிட்டார்கள்: ‘ஏயோவின்’. இந்தக் குளிர்காலத்தில் ஆஷ்லி, பெர்ட், கோனல், டாரா என நான்கு வந்து போய்விட்டன, இது ஐந்தாவது. பிரிட்டனும் அயர்லாந்தும் 2015இல் இப்படிப் பெயர் சூட்டத் தொடங்கின. முதல் பெயர் அபிகெயில். 2019இல் நெதர்லாந்தும் சேர்ந்துகொண்டது. மூன்று நாட்டு வானிலைத் துறைகளும் சேர்ந்து ஆண்டுதோறும் பட்டியல் வெளியிடுகின்றன. அதிலிருந்து ஆங்கில அகரவரிசைப்படி ஒவ்வொன்றாக எடுக்கிறார்கள்.

பட்டுக்கோட்டையில் இருக்கும் அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். “புயல் இப்போது எங்கே இருக்கிறது?” என்றார். இன்னும் உருவாகவே இல்லை என்றேன். “பிறக்காத பிள்ளைக்கா பெயர் வைத்தார்கள்?”

கேட்க வேண்டிய கேள்விதான். வங்கக் கடலில் காற்று மணிக்கு 62 கிலோமீட்டர் வேகத்தை எட்டிய பிறகே டெல்லியிலுள்ள வானிலை மையம் பெயரை அறிவிக்கும். இங்கே கணக்கு வேறு. ஊருக்கு என்ன சேதம் வரும் என்று பார்க்கிறார்கள். ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை விட வேண்டிய அளவுக்கு அது போகும் என்று தெரிந்தால், கடலில் ஒன்றுமே இல்லாதபோதும் பெயர் வந்துவிடும். எனக்கு இந்த முறை மிகவும் பிடித்திருக்கிறது. ‘அட்லாண்டிக்கில் ஒரு தாழ்வு மண்டலம்’ என்று வானொலி சொன்னால் எங்கள் தெருவில் யாரும் தோட்டத்து நாற்காலியை உள்ளே எடுத்து வைக்க மாட்டார்கள். இன்று மாலையே எடுத்து வைத்துவிட்டார்கள்.

ஜனவரி 23 – வியாழன்

தீவு முழுவதற்கும் சிவப்பு எச்சரிக்கை. நாளை பள்ளி இல்லை, பஸ் இல்லை, ரயில் இல்லை.

எங்களுக்குக் கிணற்றுத் தண்ணீர்தான். மின்சாரம் போனால் மோட்டார் ஓடாது என்பதால் குளியல் தொட்டி நிறையப் பிடித்து வைத்தோம். பிளாஸ்குகளில் வெந்நீர். இரண்டு நாளைக்குச் சப்பாத்தி. கணவர் கொட்டகையிலிருந்து டர்ஃப் கட்டிகளைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து கணப்பு அடுப்பின் அருகே அடுக்கினார். சதுப்பு நிலத்தில் வெட்டி, கோடையில் வெயிலில் காயவைத்து எரிக்கும் மண் இது. கையில் எடுத்தால் எடையே இல்லை. உடைந்த பக்கத்தில் பழைய வேர்களும் நார்களும் அப்படியே தெரிகின்றன. விரல்களில் பழுப்புத் தூள் ஒட்டிக்கொள்கிறது.

பக்கத்து வீட்டு அம்மையார் தனியாக இருக்கிறார், எண்பதைத் தாண்டியவர். இரவு எங்கள் வீட்டுக்கு வந்துவிடச் சொன்னோம். பிடிவாதம் பிடிப்பார் என்று நினைத்தேன். பையோடு தயாராக உட்கார்ந்திருந்தார்.

ஜனவரி 24 – வெள்ளி

தூக்கமில்லை. அதிகாலையில் காற்று ஊளையிடுவதை நிறுத்திவிட்டு ஒரே உறுமலாக மாறியது. சுவரில் கை வைத்தால் அதிர்ந்தது. நான்கு மணிக்குப் பிறகு மின்சாரம் போனது. மகள் என் மடியிலேயே கிடந்தாள். எட்டரைக்கு மேல் விடிந்தபோது எதிர்வீட்டு மரங்கள் வரிசையாகச் சாய்ந்திருந்தன.

எங்கள் கவுண்டியிலேயே (மாவட்டம்) இருக்கிறது மேஸ் ஹெட் வானிலை நிலையம். அங்கே காற்றின் வீச்சு மணிக்கு 183 கிலோமீட்டர் பதிவாகியிருக்கிறது. 1945இல் ஃபாய்ன்ஸில் பதிவான 182தான் இதற்கு முன் நாட்டின் உச்சம். 7,68,000 இணைப்புகளில் மின்சாரம் இல்லை. டோனகாலில் காரில் சென்ற ஓர் இளைஞர் மரம் விழுந்து இறந்துவிட்டார். அந்தச் செய்தியைக் கேட்ட பிறகு எங்கள் வேலியைப் பற்றிப் பேசவே மனம் வரவில்லை.

ஜனவரி 25 – சனி

வீடு முழுவதையும் சூடாக்க வழியில்லை என்பதால் அடுப்பு இருக்கும் அறை மட்டுமே இப்போது வீடு. மற்ற அறைகளின் கதவுகளை அடைத்து, கீழ் இடுக்கில் போர்வையைச் சுருட்டி வைத்திருக்கிறோம். மெத்தைகள் இங்கே வந்துவிட்டன. ஐந்து மணிக்கு இருட்டும் முன்பே திரைச்சீலைகளை இழுத்துவிடுகிறேன். சற்றுத் தாமதித்தாலும் கண்ணாடி வழியே சூடு போய்விடுகிறது. தடித்த ஒரு கம்பளிச் சட்டையைவிட மெல்லியதாக மூன்று சட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று போட்டால் குளிர் தெரிவதில்லை. அடுப்பின் மேலேயே மிளகு ரசம் வைத்தேன். அம்மையார் கோப்பையை இரு கையாலும் பிடித்துக்கொண்டு, இருமி இருமி, இன்னொரு கோப்பை கேட்டார்.

ஒன்றை எழுதியே ஆக வேண்டும். குளிருக்குப் பயந்து வெளியில் வைக்க வேண்டிய கரியடுப்பையோ ஜெனரேட்டரையோ உள்ளே கொண்டுவராதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அதற்கான அலாரம் எங்கள் அறையில் இருக்கிறது. பாட்டரியைப் பார்த்த பிறகே படுக்கிறோம்.

இரவில் அம்மையார் தணலைக் கூட்டி வைத்து அதன்மேல் சாம்பலை மூடினார். காலையில் கிளறினால் நீறு பூத்த நெருப்பு அப்படியே இருந்தது, தீப்பெட்டி தேவைப்படவில்லை. அவர் பாட்டி காலத்து வழக்கமாம்.

அப்போதுதான் ‘பெருங்காற்று இரவு’ பற்றிச் சொன்னார். 1839 ஜனவரி 6. அயர்லாந்தில் நூற்றுக்கணக்கானோரைக் கொன்ற புயல். அன்று பெயர் சூட்ட எந்தத் துறையும் இல்லை. ஊரே வைத்த பெயர் இது. 1909இல் எழுபது வயதானோருக்கு ஓய்வூதியம் தொடங்கியபோது பலரிடம் வயதுக்குச் சான்று இல்லை, ஏனென்றால் எல்லோருடைய பிறப்பையும் அரசு பதியத் தொடங்கியதே 1864இல்தான். அதிகாரிகள் கேட்ட கேள்வி: “பெருங்காற்று இரவு நினைவிருக்கிறதா?” நினைவிருந்தால் எழுபது ஆகிவிட்டது. யாரோ சொல்லக் கேட்டதைத் தன் நினைவென்று சொல்லிப் பணம் வாங்கியவர்களும் உண்டாம். வாங்கட்டும், ஏழைகள்தானே.

ஜனவரி 26 – ஞாயிறு

மறுபடியும் காற்று, மழை. இதன் பெயர் ஹெர்மீனியா. நம் பட்டியலில் ‘எஃப்’ இன்னும் வரவில்லையே என்று மகள் கேட்டாள். இது ஸ்பெயின் வைத்த பெயர். ஸ்பெயின், பிரான்ஸ், போர்ச்சுகல் முதலிய நாடுகளுக்குத் தனிப் பட்டியல் இருக்கிறது. யார் முதலில் வைத்தார்களோ அந்தப் பெயரே மற்றவர்களுக்கும். 2017இல் அமெரிக்கப் புயல் மையம் பெயரிட்ட ஒஃபீலியா இங்கே கரையேறியபோதும் ஒஃபீலியாவாகவே இருந்தது.

ஜனவரி 28 – செவ்வாய்

காரில் கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றி அம்மாவிடம் பேசினேன். பெரியப்பா வீட்டுக் கல்யாணம் எந்த ஆண்டு என்று பேச்சு வந்தது. “கஜாவுக்கு முந்தின வருடம்” என்றார், யோசிக்கவே இல்லை. எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் இப்படித்தான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா கரை கடந்தது. ஒரே இரவில் தென்னந்தோப்புகள் படுத்துவிட்டன. இப்போது காய்க்கும் மரங்களைப் பார்த்து ‘இது கஜாவுக்குப் பிறகு வைத்தது’ என்கிறார்கள்.

கஜா இலங்கை கொடுத்த பெயர். வட இந்தியப் பெருங்கடலுக்கு 2004இல் எட்டு நாடுகள் கொடுத்த பெயர்களோடு தொடங்கியது இந்த வழக்கம். 2020இல் வந்த பட்டியலில் 13 நாடுகள், 169 பெயர்கள். இந்தியா கொடுத்தவற்றில் ‘முரசு’வும் ஒன்று. அதன் முறை வரும்போது யாருக்கும் தீங்கு செய்யாமல் கடலோடு போகட்டும்.

ஜனவரி 30 – வியாழன்

ஊர்ச் சமூகக் கூடத்தில் வெந்நீர்க் குளியல். உடம்பு முழுக்க வெந்நீர் பட்டபோது கண்ணில் நீர் வந்துவிட்டது. பின்லாந்து, ஆஸ்திரியா, பிரான்ஸிலிருந்தெல்லாம் மின் ஊழியர்கள் வந்து கம்பம் நடுகிறார்கள்.

கூடத்தில் மேயோ கவுண்டிக்காரர் ஒருவர், இந்த ஆண்டுப் பட்டியலில் ‘ஜேம்ஸ்’ இருப்பதைச் சொன்னார். இரண்டாம் உலகப் போரில் நார்மண்டி படையெடுப்புக்கு வானிலை கணித்த ஜேம்ஸ் ஸ்டாக் நினைவாக வைத்தது. 1944 ஜூன் 5இல் புறப்பட வேண்டிய படையை ஒருநாள் தள்ளிவைக்கச் சொன்னவர். ஆனால் அவர் கைக்குக் கணக்கு எங்கிருந்து போனது? மேயோவின் கடற்கரையில் பிளாக்சாட் அஞ்சலகத்திலிருந்து. அங்கே வேலை பார்த்த மௌரீன் ஃபிளாவின் ஜூன் 3இல் காற்றழுத்தமானியைப் பார்த்துக் குறித்தார். அழுத்தம் வேகமாகச் சரிந்துகொண்டிருந்தது. சரிபார்த்து மறுபடி சொல்லுமாறு தொலைபேசியில் கேட்டார்கள். பார்த்து, அதே எண்களைச் சொன்னார். அன்று அவருக்கு 21ஆவது பிறந்தநாள். எதற்காகக் கேட்டார்கள் என்பது பல ஆண்டுகள் கழித்தே அவருக்குத் தெரியவந்தது. 2023இல், நூறு வயதில் காலமானார்.

கணித்தவருக்குப் பெயர் உண்டு என்றால், அளந்து சொன்னவருக்கும் வேண்டும். பிரிட்டன் வானிலைத் துறை பொதுமக்களிடமும் பெயர் கேட்டு வாங்குகிறது.

பிப்ரவரி 2 – ஞாயிறு

நேற்று புனித பிரிஜித் நாள். ஐரிஷ் கணக்கில் வசந்தம் தொடங்கிவிட்டது. இன்று மதியம் மின்சாரம் வந்தது. அம்மையார் தன் வீட்டுக்குப் போய்விட்டார். ரசப்பொடி ஒரு டப்பா கொடுத்தனுப்பினேன்.

மௌரீன் பற்றி அம்மாவிடம் சொன்னேன். “நல்ல மனுஷியின் பெயரையா வைப்பது? கூரை பறிபோனவன் அவளையல்லவா திட்டுவான்?” என்றார். இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அம்மையாரிடம் கேட்டேன். “எங்கள் பக்கத்தில் அந்தப் பெயரில் வீட்டுக்கு ஒருத்தி இருப்பாள். அவள் வருகிறாள் என்றால் எல்லோரும் வீட்டைச் சரிசெய்துவிடுவார்கள்” என்றார். பெயரையும் காரணத்தையும் எழுதி இன்றிரவே அனுப்புகிறேன்.