மோலுக்குப் பின்னால் ஒரு ஒழுங்கை

கொழும்பு பம்பலப்பிட்டியில் மெஜெஸ்டிக் சிற்றி மோலுக்கு முன்னால் காலி வீதி. பின்னால் கடல் பக்கமாக ரயில் நிலையம். பஸ்ஸில் வருகிறவர் ஒரு பக்கம் இறங்குகிறார், ரயிலில் வருகிறவர் மறுபக்கம். உடுப்புக்கும் படத்துக்கும் ஒரு கட்டடம், கணினிக்கும் போனுக்கும் பக்கத்திலேயே யுனிட்டி பிளாஸா. சார்ஜர் வாங்க வந்தவர் சப்பாத்தும் வாங்கிக்கொண்டு போவார். நுகேகொடையில் இது இன்னும் தெளிவு. ஹைலெவல் வீதியில் 138 பஸ், குறுக்கே 176 பஸ், களனிவெளிப் பாதையில் ரயில். ஒன்றிலிருந்து இறங்கி இன்னொன்றுக்கு நடக்கிற ஐந்து நிமிடத்தில்தான் அங்கே வியாபாரம் நடக்கிறது. நடக்கிறவரை நம்பி வளர்ந்த இடங்கள் இவை.

காரை நம்பிக் கட்டுகிற மோல் வேறு சாதி. அது வந்தால் சுற்றியுள்ள ஒழுங்கைகள் என்னவாகும் என்பதை முகப்புக் கண்ணாடி சொல்லாது. பார்க்கிங் வாசலும் பின்சுவரும் சொல்லும்.

முதலில் காணிக் கணக்கு. கார் நிறுத்தக் கோடு போடும் கட்டம் 2.4 மீற்றர் அகலம், 4.8 மீற்றர் நீளம். அதாவது பதினொன்றரைச் சதுர மீற்றர். திருப்பி எடுக்க வழியும் விட்டால் ஏறத்தாழ 25 சதுர மீற்றர் வந்துவிடும். ஒரு பேர்ச் காணியும் 25 சதுர மீற்றர்தான். ஆக, ஒரு காருக்கு ஒரு பேர்ச். கொழும்பில் பேர்ச் போகிற விலைக்கு எந்த முதலாளியும் அனுமதிக்குத் தேவையானதற்கு மேல் ஒரு கட்டம்கூடப் போட மாட்டார். இடம் கிடைக்காத கார் ஒழுங்கைக்குத்தான் வரும்.

ஒழுங்கை 20 அடி என்று வையுங்கள். ஒரு பக்கம் கார் நின்றால் 6 அடி போய்விடும். சாமான் இறக்கும் லொறிக்கு 8 அடி. மிச்சம் 6 அடி. த்ரீவீலின் அகலம் நாலேகால் அடி, நுழைந்துவிடும். கார் நுழையாது, அம்புலன்ஸ் பற்றிக் கேட்கவே வேண்டாம். கட்டடத்துக்குள்ளேயே லொறி நின்று சாமான் இறக்க இடம் இருக்கிறதா என்பதுதான் அந்த ஒழுங்கைக்காரரின் தலைவிதி. இல்லாவிட்டால் விடிய ஐந்து மணிக்கே பின்கதவில் தட்டுமுட்டுச் சத்தம் தொடங்கிவிடும்.

அடுத்தது பார்க்கிங் வாசலில் உள்ள தடைக்கம்பு. வரிசையில் நிற்கும் கார் ஒன்றுக்கு 6 மீற்றர் வேண்டும். டிக்கெட் இயந்திரத்தை வீதி விளிம்பிலேயே வைத்தால் முதலாவது காரே பஸ் போகிற பக்கத்தில் நிற்கும்; 18 மீற்றர் உள்ளே தள்ளி வைத்தால் மூன்று கார் வீதியை மறிக்காது. வெளியே போகும்போது தொல்லை இன்னும் கூட. ஜன்னலை இறக்கி, டிக்கெட்டைத் தேடி, மாற்றிய காசு வாங்க ஆளுக்கு அரை நிமிடம் என்றால் மணிக்கு 120 கார்தான் போகும். படம் முடிந்து 100 கார் ஒன்றாக இறங்கினால் கடைசிக் கார் வெளியே வர 50 நிமிடம். உள்ளேயே காசு கட்டிவிட்டுக் காருக்குப் போகும்படி செய்தால் இது பாதிக்கு மேல் குறையும். செலவு பெரிதில்லை, ஆனாலும் பல இடங்களில் செய்வதில்லை.

மழையை இங்கே யாரும் கணக்கெடுப்பதில்லை. ஒரு ஏக்கர் கூரையிலும் கொங்கிரீட்டிலும் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் நாலு லட்சம் லீற்றர் தண்ணீர், அதாவது பத்தாயிரம் லீற்றர் பவுசர் நாற்பது. முன்பு தோட்டமும் மண்ணும் குடித்தது இப்போது கானுக்குள் இறங்குகிறது. அதே கானில் பூட் கோர்ட்டின் எண்ணெயும் சேர்ந்தால் குளிர்ந்து உறைந்து அடைக்கும். கழிவுநீரில் வரும் எண்ணெயைப் பிடித்து வைக்கும் பொறியை ஒழுங்காக வழித்தெடுக்காத கட்டடத்தை மணத்தாலேயே கண்டுபிடிக்கலாம். ஒக்டோபர், நவம்பர் மழையில் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

சின்னக் கடைகளில் எது சாகும், எது தப்பும்? பூட் சிட்டி போன்ற சூப்பர் மார்க்கெட் வந்ததும் சோப்பும் பிஸ்கட்டும் மட்டும் விற்ற கடை மெலியும். காலை ஆறுக்குத் திறக்கிற கடை, நூறு கிராம் பருப்பு நிறுத்துக் கொடுக்கிற கடை, கொப்பியில் எழுதிக் கடன் கொடுக்கிற கடை தப்பும். தையல்காரருக்கு யோகம்: மோலில் வாங்கிய காற்சட்டையை வெட்டவும் சாரிக்கு ஃபோல்ஸ் அடிக்கவும் ஆள் வந்துகொண்டே இருக்கும்.

பிறகு வேலைக்கு வருகிற பிள்ளைகள். ஹற்றன், நுவரெலியா, பதுளைப் பக்கமிருந்து கொழும்புக் கடைகளுக்கு வருகிறவர்களுக்குத் தங்க இடம் வேண்டும், மத்தியானம் சோத்துப் பார்சல் வேண்டும். பூட் கோர்ட் விலை அவர்கள் சம்பளத்துக்குக் கட்டாது. ஆகவே மோலுக்குப் பின்னால் வீடுகள் அனெக்ஸாகவும் போர்டிங்காகவும் மாறும். பார்சல் கடைகள் முளைக்கும். மோலில் வியாபாரம் எப்படி என்று அறிய விளம்பரப் பலகையைப் பார்க்கத் தேவையில்லை. பகல் ஒரு மணிக்கு இந்தக் கடைகளில் எத்தனை பார்சல் மிஞ்சுகிறது என்று பாருங்கள்.

அங்கே அனெக்ஸ் எடுக்கிறவர் மோல் ஜெனரேட்டரின் புகைக்குழாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று நிமிர்ந்து பார்க்க வேண்டும். 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போன நாட்களில் அந்தக் குழாய்க்கு நேரே ஜன்னல் வைத்த அறை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தால் போதும். ஏசியின் வெளி யூனிட்டுகளும் அப்படியே. மோலுக்குள் குளிர், ஒழுங்கைக்குச் சூடு.

கடை எடுக்கிறவருக்கு இரண்டு வேலை. ஒன்று, மாநகர சபையில் வீதிக்கோட்டுச் சான்றிதழ் எடுத்து, முகப்பு வீதி அகலிப்புக்குள் விழுகிறதா என்று பார்ப்பது; கண்ணாடிக்கும் டைலுக்கும் காசு போட்ட பிறகு பார்த்துப் பயனில்லை. மற்றது குத்தகை. புறோக்கர் நல்ல மனிதர், வீட்டுக்காரர் தெரிந்தவர் என்று கீ மணி கொடுத்துவிட்டு வாய்ப்பேச்சில் விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது: ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன் எழுத வேண்டும். எழுதும்போது பெயர்ப்பலகை எங்கே, வாசலுக்கு முன் யார் வண்டி நிறுத்தலாம், கான் அடைத்தால் யார் காசு கொடுப்பது என்பதையும் சேர்த்துவிடுங்கள். சண்டை வருவது இந்த மூன்றிலும்தான்.