பரேலில் நான்கு டோஸ்: சிறுநீரகப் புற்றுநோய்க்கு இம்யூனோதெரபி

சிறுநீரகத்தில் தொடங்கி நுரையீரலுக்குப் பரவிய புற்றுநோய்க்கு நிவோலுமாப், இபிலிமுமாப் என்ற இரண்டு இம்யூனோதெரபி (உடலின் நோய் எதிர்ப்பு அணுக்களைக் கொண்டே புற்றுநோயைத் தாக்கும்) ஊசி மருந்துகளைச் சேர்த்துத் தருகிறார்கள். மும்பை பரேலில் என் அத்தானுக்குத் துணையாக இருந்தபோது நோட்டில் எழுதி வைத்தவை இவை. ஊரிலிருந்து இங்கே வருபவர்களுக்கு உதவட்டும்.

கிளம்பும் முன் பயாப்சி ரிப்போர்ட்டோடு ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் (பயாப்சியில் எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்தது) லேபில் கேட்டு வாங்குங்கள். பெரிய மருத்துவமனைகளில் மறுபடி பார்த்த பிறகே முடிவெடுப்பார்கள். பிளாக் இல்லாவிட்டால் ஒரு வாரம் வீணாகும். ரயில் சலுகைப் படிவத்தில் டாக்டர் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் நோயாளிக்குக் கட்டணம் கிடையாது, துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி.

அளவு எடையைப் பொறுத்தது. சிறுநீரகத்துக்கு நிவோலுமாப் கிலோவுக்கு 3 மி.கி., இபிலிமுமாப் 1 மி.கி., மூன்று வாரத்துக்கு ஒருமுறை, மொத்தம் நான்கு தடவை. 60 கிலோ ஆளுக்கு 180 மி.கி. நிவோலுமாப்: 100 மி.கி. குப்பி ஒன்று, 40 மி.கி. குப்பி இரண்டு, மிச்சமில்லை. இபிலிமுமாப் 60 மி.கி.க்கு 50 மி.கி. குப்பி இரண்டு உடைக்க வேண்டும், 40 மி.கி. வீண். வாங்கும் முன் அளவைக் குப்பிக்கு ஏற்றபடி திருத்த முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சிறிய வித்தியாசம் என்றால் பெரும்பாலும் திருத்துவார்கள். பக்கத்து நாற்காலியில் மெலனோமா (ஒரு வகைத் தோல் புற்றுநோய்) நோயாளி இருந்தால் அவர் மருந்துச் சீட்டைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அங்கே கணக்கு தலைகீழ்: நிவோலுமாப் 1, இபிலிமுமாப் 3.

மருந்தை வெளியே வாங்கினால் 2 முதல் 8 டிகிரிக்குள் கொண்டு வர வேண்டும். உறைந்த ஜெல் பேக்கோடு ஒட்டி வைத்தால் குப்பி உறைந்துவிடும், உறைந்ததைப் போடக் கூடாது. நடுவே துணியோ அட்டையோ வையுங்கள். குலுக்காதீர்கள். பில்லும் காலிக் குப்பியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

டே கேரில் (அன்றே வந்து மருந்து ஏற்றிக்கொண்டு திரும்பும் பிரிவு) நடப்பது எளிது. முதல் நாள் ரத்தப் பரிசோதனை: கல்லீரல், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), தைராய்டு, சர்க்கரை. மறுநாள் நிவோலுமாப் அரை மணி நேரம், பிறகு இபிலிமுமாப் அரை மணி நேரம், இரண்டுக்கும் டியூபில் ஃபில்டர் உண்டு. கீமோ மாதிரி முடி கொட்டாது, வாந்தியும் பெரும்பாலும் இருக்காது. அதனாலேயே ஆட்கள் அசட்டையாகிறார்கள்.

இந்த மருந்துகள் நோய் எதிர்ப்பு அணுக்களின் பிரேக்கை விடுவிக்கின்றன. அந்த பிரேக்கைக் கண்டுபிடித்துப் பயன்படுத்தியதற்கே ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுக்கு ஹோஞ்சோவுக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. பிரேக் போன அணுக்கள் கட்டியோடு நிற்பதில்லை. குடல், கல்லீரல், நுரையீரல், தைராய்டு, பிட்யூட்டரி (மூளைக்கு அடியில் உள்ள சுரப்பி) எதையும் தாக்கும். ஊசி போட்ட அன்று அல்ல, வாரங்கள் கழித்து. கடைசி டோஸுக்கு மாதங்கள் கழித்தும் வரலாம்.

வயிற்றுப்போக்கில்தான் அதிகம் ஏமாறுவோம். தினமும் எத்தனை தடவை என்று நோட்டில் கோடு போடுங்கள். வழக்கத்தைவிட நான்கு தடவை கூடினாலோ, ரத்தம் கண்டாலோ அன்றே போன் செய்யுங்கள். மெடிக்கல் ஷாப்பில் லோபரமைடு (பேதியை நிறுத்தும் மாத்திரை) வாங்கிப் போட்டால் எண்ணிக்கை குறையும், உள்ளே குடல் வெந்துகொண்டே இருக்கும். தேவை ஸ்டீராய்டு: பிரெட்னிசோலோன் கிலோவுக்கு 1 முதல் 2 மி.கி., டாக்டர் சொல்லி மட்டும். பிறகு ஸ்டீராய்டு அளவைப் படிப்படியாகக் குறைக்க நாலு வாரமாவது ஆகும். இரண்டு வாரத்தில் நிறுத்தினால் திரும்பி வரும். ஸ்டீராய்டால் சர்க்கரை ஏறும், வீட்டில் குளுக்கோமீட்டர் இருக்கட்டும். ஸ்டீராய்டால் பழைய காசநோய் திரும்பலாம், முன்பு வந்திருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

மழைக்காலத்து மும்பையில் இருமலை சீசன் என்று ஒதுக்குவது அடுத்த தப்பு. மாடி ஏறும்போது புதிதாக மூச்சு வாங்கினால் சிடி எடுக்க வேண்டும். விடாத தலைவலியும் அசாத்திய அசதியும் பிட்யூட்டரியாக இருக்கலாம். காலை எட்டு மணிக்கு ரத்தத்தில் கார்டிசால் என்ற ஹார்மோனைப் பார்ப்பார்கள்.

ஊருக்குத் திரும்பினால் அங்குள்ள டாக்டர் இதையெல்லாம் கிருமித் தொற்று என்றே முதலில் நினைப்பார். மருந்துப் பெயர், கடைசி டோஸ் தேதி, இங்குள்ள போன் எண் மூன்றையும் ஒரு அட்டையில் எழுதிப் பர்ஸில் வையுங்கள்.

நான்கு முடிந்து ஸ்கேன் நன்றாக இருந்தால் நிவோலுமாப் மட்டும் தொடரும்: இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 240 மி.கி. அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை 480 மி.கி. தூரத்திலிருந்து வருபவர்கள் இரண்டாவதைக் கேளுங்கள். 100 மி.கி. குப்பி நாலு, 40 மி.கி. குப்பி இரண்டு, மாதம் ஒரே பயணம்.