எல்லா டிக்கையும் எடுத்தும் உள்ளே வந்துவிட்டது

கோபம் இன்னும் அடங்கவில்லை. தேவை என்னவோ சின்னதுதான். சில பி.டி.எஃப். கோப்புகளை ஒன்றாக இணைக்க விண்டோஸில் ஓர் இலவச மென்பொருள் வேண்டும், அவ்வளவுதான். இணைக்கும் வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது. கூடவே வந்ததை வெளியேற்றத்தான் ஒரு நாள் மாலை முழுக்கப் போனது.

தரவிறக்கிய கோப்பு ஒன்றிரண்டு எம்.பி.தான் இருந்தது. அங்கேயே சந்தேகம் வர வேண்டும். இப்படிப்பட்ட கோப்பில் பெரும்பாலும் மென்பொருளே இருக்காது. ஓடத் தொடங்கிய பிறகுதான் மற்றதை இணையத்திலிருந்து இழுக்கும். என்ன இழுக்கும் என்பது அவர்களுடைய சர்வரின் இஷ்டம். முழு மென்பொருளும் உள்ளேயே இருக்கும் ‘ஆஃப்லைன் இன்ஸ்டாலர்’ தனியாகக் கிடைத்தால் அதையே எடுங்கள்.

அடுத்து, ‘ரெகமண்டட்’ என்ற பட்டன் பளிச்சென்று இருந்தது. ‘கஸ்டம்’ என்பது அழுத்தவே முடியாததுபோல மங்கலான சாம்பல் நிறத்தில். ஆனால் அழுத்தலாம். அழுத்தினேன். பிரவுசரின் முகப்புப் பக்கத்தை மாற்றுவது, தேடுபொறியை மாற்றுவது எல்லாவற்றுக்கும் ஏற்கெனவே டிக் போட்டு வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றாக எடுத்தேன். அப்புறம் உரிம ஒப்பந்தம் போலவே ஒரு பக்கம், ‘அக்செப்ட்’, ‘டிக்ளைன்’ என்று. படித்துப் பார்த்தால் அது வேறொரு மென்பொருளின் ஒப்பந்தம்! டிக்ளைன் கொடுத்தால் மொத்த இன்ஸ்டாலும் நின்றுவிடும் என்று பலர் பயப்படுவார்கள். நிற்காது. எனக்குத் தடையில்லாமல் தொடர்ந்தது.

இத்தனைக்கும் பிறகு, மறுபடி லாகின் செய்ததும் கணினியைச் சுத்தம் செய்கிறேன் என்று ஒரு புரோகிராம் எழுந்து நின்றது. நூற்றுக்கணக்கில் பிழைகள் இருக்கின்றனவாம், சரிசெய்யப் பணம் கட்ட வேண்டுமாம். யாரும் என்னிடம் அனுமதி கேட்கவில்லை. அட்மின் அனுமதி கேட்கும் அந்தப் பெட்டிகூட இதற்காக வரவில்லை. காரணம் பிறகுதான் புரிந்தது: அது புரோகிராம் ஃபைல்ஸில் இல்லை, என் யூசர் கணக்கின் ஆப்டேட்டா ஃபோல்டரில் உட்கார்ந்திருந்தது. அங்கே எழுத அட்மின் அனுமதி தேவையில்லை.

பி.டி.எஃப். மென்பொருளை அன்இன்ஸ்டால் செய்தேன், இது போகவில்லை. இதைத் தனியாக அன்இன்ஸ்டால் செய்தேன், அடுத்த லாகினில் திரும்பி வந்தது. டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பட்டியலில் ஒன்றும் இல்லை. கடைசியில், குறித்த நேரத்தில் புரோகிராம்களைத் தானாக ஓட்டும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் பிடித்தேன்: லாகின் ஆகும்போதெல்லாம் ஓடும்படி ஒரு டாஸ்க், அப்டேட்டர் என்ற பெயரில். ஃபோல்டரை நேரடியாக அழிக்கப் போனால் ‘கோப்பு பயன்பாட்டில் உள்ளது’ என்று மறுக்கும். முதலில் ஷெட்யூலரில் டாஸ்க்கை நீக்குங்கள், டாஸ்க் மேனேஜரில் அந்த புராசஸை நிறுத்துங்கள், அதற்குப் பிறகு ஃபோல்டரை அழியுங்கள். இந்த வரிசையில் செய்ததும் போயே போய்விட்டது. பெரிய நிம்மதி!

சுத்தம் செய்கிற வேகத்தில், இன்ஸ்டால் ஆன புரோகிராம்களின் பட்டியலில் வரிசையாகத் தெரியும் ‘மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்’ எதையும் தூக்கிவிடாதீர்கள். 2010, 2013 என்று பழைய ஆண்டுகள் போட்டிருந்தாலும் வேறு புரோகிராம்கள் அவற்றை நம்பித்தான் ஓடுகின்றன.

டிஜிட்டல் கையொப்பம் இருந்தால் நம்பலாம் என்பார்கள். அந்த வேண்டாத புரோகிராமிலும் செல்லுபடியாகும் கையொப்பம் இருந்தது. யார் வெளியிட்டது, இடையில் யாரும் மாற்றவில்லை என்பதை மட்டுமே அது சொல்லும்; நல்லதா கெட்டதா என்று சொல்லாது.

இப்போது, கட்டளை தட்டி மென்பொருள் போட உதவும் வின்கெட் வழியாக ஓர் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளைப் போட்டுக்கொண்டேன். ஒரே கட்டளை, ஒரு டிக்கும் இல்லை. மைக்ரோசாஃப்ட் 2021-இல் 1.0 பதிப்பாக வெளியிட்ட கருவி அது. இறங்கிய கோப்பின் ஷா-256 மதிப்பை, அதாவது கோப்பின் கைரேகை போன்ற எண்ணை, சரிபார்த்த பிறகே இன்ஸ்டால் செய்கிறது. ஆனாலும் ஓடுவது தயாரிப்பாளரின் அதே இன்ஸ்டாலர்தான் என்பதால், பெயர் தெரியாத எதையும் அதன் வழியாகவும் போடுவதில்லை.

இன்னொன்று: புதிதாக எதைப் போடுவதற்கு முன்பும் ஒரு ரிஸ்டோர் பாயிண்ட் எடுத்துவிடுங்கள்; சிக்கல் வந்தால் விண்டோஸின் அமைப்புகளை அந்த நிலைக்குத் திருப்பலாம். பல கணினிகளில் அதற்குத் தேவையான சிஸ்டம் புரொடெக்ஷன் என்ற வசதி அணைந்தே கிடக்கிறது. முதலில் அதை ஆன் செய்ய வேண்டும்.