கட்டையில் கட்டிய ஆர்க்கிட்

தாம்பரத்தை ஒட்டிய எங்கள் வீட்டு மொட்டைமாடியில் டென்ட்ரோபியம் ஆர்க்கிட் செடிகளை நெடுநாளாகத் தொட்டியில்தான் வளர்த்துவந்தோம். அடுப்புக்கரியும் ஓட்டுச்சில்லும் நிரப்பிய அந்தத் தொட்டிகளில் செடிகள் பூக்கத்தான் செய்தன. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டிக்குள் ஈரம் நாள்கணக்கில் தங்கி, உள்வேர்கள் பழுப்பேறி அழுகுவதும், அதே செடியின் வேறு வேர்கள் தொட்டி விளிம்பைத் தாண்டிக் காற்றில் நீண்டு செழிப்பாக இருப்பதும் ஆண்டுதோறும் நடந்தது. காட்டில் மரக்கிளையைப் பற்றி வளரும் தொற்றுத் தாவரத்துக்கு வேண்டியது காற்றோட்டம் என்பதைச் செடியே இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும்போது, அதைத் தொட்டியில் வைத்துக் காப்பதைவிட மரக்கட்டைக்கு மாற்றிவிடுவதே மேல் என்று முடிவுசெய்தோம்.

முதல் வேலை கட்டை தேடுவது. அயல்நாட்டு நூல்கள் பரிந்துரைக்கும் கார்க் மரப்பட்டை இங்கே யானை விலை. பலகை அறுக்கும் பட்டறை ஒன்றில் விசாரித்தபோது அங்கிருந்த ஆசாரி, "வெளிறு இருக்கிற கட்டையை எடுக்காதீங்க சார், ரெண்டு மழைக்குள்ள உளுத்துப்போயிடும். வைரம் பாஞ்சதாப் பாருங்க" என்று சொல்லித் தேக்கின் கழிவுத் துண்டுகளை ஒதுக்கிக் கொடுத்தார். ஏற்காட்டுத் தோட்டம் ஒன்றில் வேரோடு பிடுங்கிப்போட்டிருந்த பழைய காப்பிச் செடிகளின் கட்டைகள் தெரிந்தவர் மூலம் கிடைத்தன. கெட்டியும் முடிச்சும் வளைவும் நிறைந்த காப்பிக் கட்டையே இந்த வேலைக்கு எல்லாவற்றிலும் சிறந்தது என்பது என் கருத்து. முறிந்து விழுந்த மாமரக் கிளை ஒன்றும் வீட்டிலேயே இருந்தது. பட்டை சொரசொரப்பாக இருந்தாலும் அது நெடுநாள் தாங்காது என்று தெரிந்தே எடுத்துக்கொண்டோம். ஒட்டுப்பலகை, மருந்தேற்றிய மரம், வார்னிஷ் பூசிய மரம் ஆகியவற்றைத் தொடவே கூடாது. கடற்கரையில் ஒதுங்கிய கட்டை கண்ணுக்கு அழகாக இருக்கும்; ஆனால் பலநாள் நன்னீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி உப்பை வெளியேற்றிய பிறகே அது செடிக்கு ஆகும்.

கட்டுவதற்கான காலத்தை நாட்காட்டி பார்த்து முடிவுசெய்ய முடியாது; வேர் நுனியைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். தண்டின் அடியிலிருந்து பச்சையாகவோ செம்மை கலந்தோ புதிய வேர் முனைகள் அரை அங்குலத்துக்குள் எட்டிப்பார்க்கும் வேளையே சரியானது. தொட்டியின் ஈரத்துக்குப் பழகிய பழைய வேர்களில் பெரும்பகுதி கட்டைக்கு வந்ததும் வற்றிப்போகும். கட்டையைக் கவ்வப்போவது இந்தப் புதிய வேர்கள்தாம். எங்கள் செடிகளில் இவை கோடை முடிந்து ஆனி பிறக்கும் சமயத்தில் தலைகாட்டின.

செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து அரைமணி நேரம் வாளி நீரில் போட்டுவைத்தால் வேர்கள் வளைந்துகொடுக்கும். உலர்ந்த வேரை வளைத்தால் படக்கென்று ஒடிந்துவிடும். ஆர்க்கிட் வேரின் வெளிப்புறத்தில் வெலமன் என்னும் உயிரற்ற செல்களாலான அடுக்கு, உறிஞ்சுதாளைப் போல நீரைக் கண்டவுடன் இழுத்துக்கொள்ளும். காய்ந்திருக்கையில் வெள்ளிச் சாம்பல் நிறமாகத் தெரியும் வேர், நனைந்ததும் உள்ளிருக்கும் பச்சையைக் காட்டும். நனைத்த பிறகும் பச்சை காட்டாமல், விரலால் அழுத்தினால் தோல் கழன்று நடுவில் நார் மட்டும் மிஞ்சும் வேர்களை வெட்டிவிட்டேன். ஒரு செடியை வெட்டிய கத்தியைத் தீயில் காட்டாமல் அடுத்த செடிக்குக் கொண்டுபோகக் கூடாது. ஆர்க்கிட்டைத் தாக்கும் வைரஸ்கள் பெரும்பாலும் கத்திவழியாகவே பரவுகின்றன.

கட்டும் முறையைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஊறவைத்துக் கழுவிய தேங்காய் நாரை மெல்லிய மெத்தையாகக் கட்டையின்மேல் பரப்பி, அதன்மேல் செடியை வைத்து, புதிய வேர்முனைகள் மரத்தை நோக்கி இருக்கும்படி திருப்பிக்கொண்டேன். ஸ்பேக்னம் பாசியும் வைக்கலாம். ஆனால் சென்னையின் மழைமாதங்களில் அது ஈரத்தைப் பிடித்துவைத்துத் தொட்டியின் தொல்லையையே திரும்பக் கொண்டுவந்துவிடும். தண்டுகள் இணையும் அடிப்பகுதியை மீன்பிடி நைலான் நரம்பால் இறுக்கமாகச் சுற்றினேன். வேர்களின்மேல் நைலானை ஓட்டினால் அது அறுத்துவிடும் என்பதால், அங்கே பழைய பனியன் துணியை விரலகல நாடாக்களாகக் கிழித்துக் கட்டினேன். வேர் பிடித்து முடிவதற்குள் அந்தத் துணி தானாகவே இற்று விழுந்துவிடுவது ஒரு வசதி. செம்புக்கம்பியும் துத்தநாகம் பூசிய கம்பியும் வேருக்கு நஞ்சு என்பதால், தொங்கவிடும் கொக்கிக்குக்கூட எவர்சில்வர் கம்பியையே பயன்படுத்தினேன். கட்டி முடித்ததும் கட்டையைக் கையில் பிடித்து உலுக்கிப் பார்க்க வேண்டும். செடி துளி அசைந்தாலும் அவிழ்த்து மறுபடி கட்டுவதே நல்லது; ஏனென்றால் ஒவ்வொரு காற்றுக்கும் வேர்முனை மரத்தில் உரசித் தேய்ந்துவிடும், தேய்ந்த முனை மேற்கொண்டு நீளாது.

டென்ட்ரோபியத்தோடு ஒரு பேலனாப்சிஸையும், நர்சரியில் வாங்கிய ரைங்கோஸ்டைலிஸ் ரெட்யூசா ஒன்றையும் கட்டினோம்; இவையும் ஆர்க்கிட் வகைகளே. ரைங்கோஸ்டைலிஸ் அசாமின் மாநில மலர். நரிவால் போலக் கீழ்நோக்கிச் சரியும் அதன் பூங்கொத்துக்குத் தொட்டியைவிடத் தொங்கும் கட்டையே இயல்பான இடம். பேலனாப்சிஸைக் கட்டுகையில் குருத்து கீழ்நோக்கிச் சாயும்படி வைக்க வேண்டும். நிமிர்த்தி வைத்தால் இலைகளின் நடுவில் நீர் தேங்கிக் குருத்து அழுகிவிடும். மலைக்காடுகளிலிருந்து பறித்துவந்த செடிகளைச் சாலையோரத்தில் விற்பதுண்டு. அவற்றை வாங்கக் கூடாது. அது சட்டப்படி குற்றமாவது ஒருபுறமிருக்க, அப்படிக் கொண்டுவந்த செடி சமவெளி வெயிலில் பிழைப்பதும் அரிது.

கட்டைக்கு மாறிய செடிக்கு நாள் தவறாமல் நீர் வேண்டும்; அடிக்கடி வெளியூர் போகிறவர்களுக்கு இந்த முறை ஒத்துவராது. 50 விழுக்காடு நிழல்வலைக்கு அடியில் டென்ட்ரோபியத்தையும், அதைவிட நிழலான சுவரோரத்தில் பேலனாப்சிஸையும் தொங்கவிட்டு, காலையில் வேர்கள் முழுவதும் பச்சையாக மாறும்வரை தெளித்தோம். அக்கினி நட்சத்திரத்தின்போது மாலையிலும் ஒருமுறை தெளிக்க வேண்டியிருந்தது. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு அதிகம். அது வேரின்மேல் வெள்ளைப் படிவமாகத் தங்கிவிடும் என்பதால் சேமித்த மழைநீரையும், அது தீர்ந்தால் ஏ.சி.யின் குழாயிலிருந்து வடியும் நீரையும் பயன்படுத்தினோம். உரம் என்றால் தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 கலவைதான், லிட்டருக்கு அரை கிராம் வீதம், வாரம் ஒருமுறை. அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

முதல் சில வாரங்கள் பார்க்கச் சகிக்காது. பழைய இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன, தண்டுகள் சுருங்கின. மாடிக்கு வந்த பக்கத்து வீட்டு அம்மா, "பட்டுப்போன செடிக்கு எதுக்குத் தம்பி தண்ணி ஊத்துறீங்க?" என்றே கேட்டுவிட்டார். அந்த நேரத்தில் இலையைப் பார்த்துக் கவலைப்படாமல் வேரைத்தான் பார்க்க வேண்டும். பச்சை முனை நாரைத் தாண்டி மரத்தைத் தொட்டதும் உருண்டையான வேர் தட்டையாகிப் பட்டையின் வெடிப்புக்குள் புகுந்து ஒட்டிக்கொண்டது. நகத்தால் நெம்பினாலும் வரவில்லை. அப்படி நாலைந்து வேர்கள் பிடித்த பிறகே நைலான் நரம்பை அறுத்தேன். டென்ட்ரோபியமும் ரைங்கோஸ்டைலிஸும் எளிதாகத் தேறின. பேலனாப்சிஸ் பிழைத்தாலும் அதன் இலைகள் கோடையில் துவண்டே கிடக்கின்றன, ஆகையால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

எறும்பு ஏறினால் பின்னாலேயே மாவுப்பூச்சி வந்துவிடும் என்பதால் தொங்கும் கம்பியில் அவ்வப்போது கொஞ்சம் கிரீஸ் தடவுகிறோம். புயல் எச்சரிக்கை வந்தால் கட்டைகளைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவருவது தொட்டிகளைத் தூக்குவதைவிட எவ்வளவோ சுலபம். ஆசாரி சொன்னபடியே மாமரக் கட்டை இப்போது ஓரத்தில் உதிரத் தொடங்கியிருக்கிறது. அதற்காகச் செடியைப் பிய்த்தெடுக்க வேண்டியதில்லை. ஒட்டிய வேர்களோடு பழைய கட்டையையே புதிய காப்பிக் கட்டையின்மேல் வைத்து எவர்சில்வர் கம்பியால் இறுக்கிவிட்டால், அடுத்து வரும் வேர்கள் கீழே உள்ள மரத்துக்கு இறங்கிக்கொள்ளும். புதிய வேர்முனைகள் தென்பட்டதும் அந்த வேலையை எடுத்துக்கொள்வதாக இருக்கிறோம்.